இருபத்து மூன்றாம் நாள் பஸ் ஓடாது

எங்கள் கேமை நாலு கோடிப் பேர் வாங்கினார்கள். விளையாடியவர்கள் பதினொரு பேர்.

நாலு கோடி என்றதும் நான் ஏதோ பங்களாவில் காலாட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கியவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே இலவசக் கேஸ். நான் இருப்பது கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில், மயில்சாமி அண்ணனின் லேத் பட்டறைக்கு மேல் மாடியில். கீழே நாள் முழுக்க இரும்பைச் சீவுவார்கள். மேலே நாங்கள் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். ஒன்பது வருடம் கத்திக் கத்தி என் தொண்டை தகர டப்பா ஆகிவிட்டது. என் பெயர் கோகிலவாணி. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நாங்கள் என்றால் நானும் சிங்கராஜும். காலேஜில் ஒரே பெஞ்ச். ஒன்பது வருடம் உட்கார்ந்து இரண்டே பேர் செய்த கேம்தான் 'டெப்போ'. அதில் நீங்கள் ஒரு டவுன் பஸ் டிரைவர். முப்பது நாள் பஸ் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது, பூதம் கிடையாது. சில்லறை இல்லாதவர்கள் உண்டு, அதுவே போதும்.

பதினொரு பேர் கதைக்கு வருகிறேன். அதற்கு இரண்டு கடைகளின் சண்டையைச் சொல்லியாக வேண்டும்.

கம்ப்யூட்டர் கேம் விற்கும் கடைகளில் கடைசியில் மிஞ்சியவை இரண்டு. பழைய கடை பெட்டகம். புதுக் கடை திருவிழா. ஆள் பிடிக்கத் திருவிழா வாரம் ஒரு கேமைச் சும்மா கொடுத்தது. பெட்டகம் வாரம் மூன்று கொடுத்தது. திருவிழா தினம் ஒன்று. பெட்டகம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சும்மா கிடைத்தால் நம் ஜனங்கள் விடுவார்களா? அமுக்கி அமுக்கி வாங்கிப் போட்டார்கள். என் கணக்கில் மட்டும் ஆறாயிரத்து இருநூறு கேம் கிடந்தன. திறந்து பார்த்தது முப்பது இருந்தால் அதிகம்.

கொஞ்ச நாளில் ஜனங்களுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாகிவிட்டது. இத்தனையையும் எந்த ஜென்மத்தில் விளையாடி முடிப்பது என்று கடைப்பக்கம் வருவதையே விட்டார்கள். உடனே திருவிழா ஒரு வேலை செய்தது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பதிலாளைக் கொடுத்தது.

பதிலாள் என்பது உங்களைக் கவனித்து உங்களை மாதிரியே விளையாடும் ஒரு புரோகிராம். உங்கள் அவசரம், உங்கள் பயம், உங்கள் கோணங்கித்தனம் எல்லாம் அதற்குத் தெரியும். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது அது உட்கார்ந்து உங்கள் கேம்களை ஒவ்வொன்றாக முடிக்கும். சாயங்காலம் நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டால் இரண்டே நிமிடத்தில் நல்ல காட்சிகளும், முடித்த திருப்தியும் உங்களுக்கு வந்து சேரும். கல்யாணத்துக்கே போகாமல் பந்தியில் சாப்பிட்ட ஏப்பம் மட்டும் வருவது மாதிரி.

பெட்டகம் சும்மா இருக்குமா? மறு மாதமே அதுவும் பதிலாட்களை இறக்கியது. அதன் பிறகு யார் கடையில் அதிக கேம்கள் முடிகின்றன என்று போட்டி. அவிநாசி ரோடு மேம்பாலத்தில் இரண்டு பெரிய போர்டுகள், எதிரும் புதிருமாக, இன்று முடிந்தவை இத்தனை என்று நிமிடத்துக்கு நிமிடம் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தன. அலுவலகங்களில் ஆட்கள் "நேத்து நாலு முடிச்சேன்" என்று பீற்றிக்கொண்டார்கள். எதை முடித்தாய் என்று கேட்டால் தெரியாது.

இந்த லட்சணத்தில்தான் டெப்போ வெளியானது. இரண்டு கடையிலும். பதிலாட்கள் கோடிக்கணக்கில் உள்ளே வந்தன. கையால் விளையாடியவர்கள் என்ற இடத்தில் மட்டும் எண் பதினொன்றில் நின்றது. அதில் நான் ஒன்று, சிங்கராஜ் ஒன்று, மயில்சாமி அண்ணன் ஒன்று. மிச்சம் எட்டுப் பேரை நான் நேரில் பார்த்தால் காலில் விழுந்துவிடுவேன்.

மூன்றாவது வாரம் சேலத்திலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். பெயர் தனபாலன், துணிக்கடையில் மேனேஜர்.

"ஏனுங்க, என்ற பதிலாளு உங்க டெப்போவுல போயி உட்கார்ந்துக்கிச்சுங்க. அஞ்சு நாளாச்சு, ஒரு கேமும் முடியலை. ஆபீஸ்ல மானம் போவுது."

"நீங்களே கொஞ்சம் விளையாடிப் பாருங்களேன்" என்றேன்.

அவர் யாரிடமோ பில் போடச் சொன்னார். பிறகு ஃபோனுக்குத் திரும்பினார்.

"நானுங்களா? எனக்கு எங்கீங்க நேரம்?" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "ஆமா, எந்த பட்டனை அமுக்கோணும்?" என்று கேட்டார். பாவமாக இருந்தது. சொல்லிக்கொடுப்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள் என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டாயிரம் புகார். எல்லாப் பதிலாட்களும் ஒரே இடத்தில் சிக்கியிருந்தன. இருபத்து மூன்றாம் நாள்.

அந்த நாள் சிங்கராஜ் செய்த வேலை. டெப்போவில் இருபத்து மூன்றாம் நாள் ஆயுத பூஜை. பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தாகிவிடும். பிறகு யாரும் தொடக்கூடாது. மற்ற நாட்கள் அரை மணியில் முடியும். இந்த நாள் மட்டும் நிஜமாகவே இருபத்து நாலு மணி நேரம். வேகமாக ஓட்ட முடியாது, தாண்ட முடியாது. டெப்போவில் மற்ற டிரைவர்களோடு உட்கார்ந்து பொரி கடலை சாப்பிடலாம், பேசலாம், தூங்கலாம். மறுநாள் காலையில் சாவியை எடுத்து, டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் பஸ்ஸை ஏற்றினால் இருபத்து நாலாம் நாள் தொடங்கும். எடுக்காத வரை அதே லீவு நாள்தான்.

இதை எந்தப் பைத்தியக்காரனாவது கேமில் வைப்பானா என்று நான் அப்போதே கத்தினேன். "கீழ அண்ணன் பட்டறையில அன்னிக்கு ஸ்குரூ டிரைவரைத் தொட்டாக்கூட அடிக்க வர்றாரு. பஸ் டெப்போல மட்டும் எப்படி வண்டி எடுப்பாங்க?" என்றான். ஆவாரம்பாளையத்தில் வளர்ந்தவனிடம் இதற்கு மேல் பேச முடியாது.

அந்த வாரமே இரண்டு கடைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெட்டகத்திலிருந்து குரியன், திருவிழாவிலிருந்து சுபத்ரா ஹெக்டே. இருவரும் ஒரே நேரத்தில் மாடிப்படி ஏறியது எங்கள் அதிர்ஷ்டம். எங்களிடம் இருப்பது ஒரே சோபா. இரண்டு ஓரங்களில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் குரியன் என் பின்னாலேயே வந்து, "மேடம், எங்க பதிலாட்களை மாட்டிவிடறதுக்குத் திருவிழா உங்களுக்கு என்ன கொடுத்தாங்க?" என்று கேட்டார். அவர் போய் உட்கார்ந்ததும் சுபத்ரா எழுந்து வந்து அதே கேள்வியைப் பெட்டகத்தின் பெயரை வைத்துக் கேட்டாள்.

"ரெண்டு பேரும் எதுவும் கொடுக்கலை, அதான் இந்த சோபா" என்றேன்.

"சும்மா உட்கார்ந்திருக்கறதுல என்ன சிக்கல்? நாளைக்கு எழுந்து போகட்டுமே" என்றான் சிங்கராஜ்.

"போக மாட்டேங்குதே சார்" என்றாள் சுபத்ரா. "எங்க என்ஜினியர்ங்க பாத்துட்டாங்க. வழி தெரியாம உங்க கேம்ல எங்கேயோ மாட்டிக்கிச்சு."

"வெளியே இழுத்துப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

குரியன் நெற்றியைத் தேய்த்தார். "பாதி கேம்ல இழுத்தா, அது கஸ்டமர்கிட்ட கத்துக்கிட்டது முழுக்க அழிஞ்சுடும் மேடம். இவ்வளவு வருஷப் பழக்கம். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அது வெறும் புரோகிராம்தானே? ஒரு தட்டுத் தட்டினா எழுந்திரிக்காதா?"

சுபத்ரா குரியனைப் பார்த்தாள். குரியன் கூரையைப் பார்த்தார். கடைசியில் அவளே சொன்னாள். "வெறும் புரோகிராமா இருந்தா விளையாட வராதுங்க. நாங்க முதல்ல அப்படித்தான் செஞ்சோம். ஒரே மரத்தைச் சுத்திச் சுத்தி ஓடிட்டே இருந்துச்சு. ஒரு இடம் போதும், அடுத்ததுக்குப் போகலாம்னு தோணணும்னா அலுப்பு வேணும். அதனால கொஞ்சம் ஆசையும் கொஞ்சம் அலுப்பும் வெச்சோம். அவங்களும் வெச்சாங்க."

"எங்களைப் பாத்து நீங்க வெச்சீங்க" என்றார் குரியன்.

இவ்வளவு சண்டையிலும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் இருபத்து மூன்றாம் நாளை நாங்கள் கேமிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தால் எல்லாப் பதிலாட்களும் தானாக இருபத்து நாலாம் நாளுக்குப் போய், முடித்து, வெளியே வந்துவிடும். எடுக்காவிட்டால் டெப்போவை இரண்டு கடையிலிருந்தும் தூக்கிவிடுவார்கள். மூன்றாவது கடை என்று ஒன்று கிடையாது. ஒன்பது வருட உழைப்பை பென்டிரைவில் போட்டுக்கொண்டு நான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கூவிக் கூவித்தான் விற்க வேண்டும்.

அவர்கள் இறங்கிப் போனதும், "எடுத்துடலாம்" என்றேன்.

"நான் எடுக்க மாட்டேன்" என்றான் சிங்கராஜ்.

"கேம் மொத்தமும் போயிடும்டா! ஒரு நாளுக்காக முப்பது நாளையும் குப்பைல போடுவியா? என் வயசு நாப்பத்தொண்ணு. எனக்கு இதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். ஒன்பது வருடமாக அவனிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அது.

"நீயே எடுத்துக்க. தடுக்க மாட்டேன். ஆனா ஒருக்கா உள்ள போயி உட்கார்ந்து பாத்துட்டு எடு. நீ அந்த நாளை விளையாடவே இல்லை கோகி. அது மட்டுமில்லை, எல்லா நாளையும் நம்ம சோதனைச் சாவியைப் போட்டுத் தாண்டிப் போயிட்டே. எனக்குத் தெரியும்."

உண்மைதான். அந்தப் பதினொன்றில் என்னை அரையாக எண்ணினால் பத்தரை.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு நிஜத்திலும் ஆயுத பூஜை. கடைக்காரர்கள் காலண்டரைப் பார்த்திருந்தால் வேறு கிழமை சொல்லியிருப்பார்கள். காலை பத்து மணிக்கே மயில்சாமி அண்ணன் படியேறி வந்துவிட்டார். கையில் மண்ணெண்ணெய் வாடை.

"அம்மிணி, மூணு மணிக்கு பூஜைங்க. உங்க கம்ப்யூட்டருக்கும் சேத்துச் சந்தனம் வெச்சுப்போடுவேன். அதுக்கப்புறம் நாளைக்குக் காலைல மறுபூஜை ஆகற வரைக்கும் ஆரும் தொடக்கூடாது. பட்டனை அமுக்கற சோலியெல்லாம் இப்பவே முடிச்சுப்போடுங்க."

"சரிங்கண்ணா" என்றேன். சிங்கராஜ் கீழே போய் லேத்துகளைத் துடைக்க உட்கார்ந்துவிட்டான்.

பன்னிரண்டு மணிக்குச் சோதனைச் சாவியைப் போட்டு நேராக இருபத்து மூன்றாம் நாள் டெப்போவுக்குள் போனேன்.

ஒரு டெப்போவில் நாற்பது டிரைவர்கள் இருப்பார்கள். இந்தக் கடை, அந்தக் கடை என்ற பேதம் கிடையாது. கடைக்கு ஒரு சர்வர் எடுக்க எங்களுக்கு வக்கில்லாததால் எல்லாரையும் ஒன்றாகப் போட்டிருந்தோம். வரிசையாக நாற்பது பஸ். சாவிகள் ஆணியில் தொங்கின. கேட் திறந்தே இருந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் டயருக்கடியில் இருந்தன. யாரும் எங்கேயும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. நாற்பது பதிலாட்களும் நிழலில் வட்டமாக உட்கார்ந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

எனக்கு வந்ததே கோபம்.

"கேட் தொறந்துதானே இருக்குது? சாவி அங்கதானே தொங்குது? எந்திரிச்சுப் போறதுக்கு என்ன கேடு?" என்று கத்தினேன்.

ஒரு பெரியவர் குரல் பணிவாகப் பதில் சொன்னது. பெட்டகத்துப் பதிலாள். "இன்னிக்கு லீவுங்க."

"நேத்து?"

"நேத்தும் லீவுங்க."

"நாளைக்கு?"

பக்கத்திலிருந்த திருவிழாவின் பதிலாள் அதற்குப் பொரியை நகர்த்திவிட்டு எனக்குச் சொன்னது. "நாளைக்குச் சாவியை எடுத்தா இருபத்து நாலாம் நாள். அப்புறம் முப்பது. அப்புறம் அடுத்த கேம். எனக்கு இன்னும் நாலாயிரம் பாக்கியிருக்கு. இவருக்கு ஏழாயிரம். இவ்வளவு நாளா எத்தனையோ கேமுக்குள்ள போயிருக்கோம். எல்லாத்துலயும் ஓடு, சுடு, முடிங்கறாங்க. வேலை செய்யாதேன்னு ஒரு இடத்துலதான் எழுதியிருந்துச்சு. அதான் இருந்துட்டோம்."

அவிநாசி ரோட்டில் அடித்துக்கொள்ளும் இரண்டு கடைகளின் ஆட்கள் ஒரே தட்டில் கைவிட்டுப் பொரி தின்றார்கள். உட்காருங்கள் என்று இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன்.

எதிரே ஒருத்தி ஒரு காலை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அப்படித்தான் உட்காருவேன், அம்மாவிடம் அதற்கு அடிகூட வாங்கியிருக்கிறேன். உற்றுப் பார்த்தேன். தலைக்கு மேல் என் கணக்குப் பெயர்.

பதிலாள் எனக்கும் இருக்கும் என்பதே எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பட்டையை நான் ஒரு நாளும் நெற்றியில் ஒட்டியதில்லை. இவள் பாட்டுக்கு யாருக்காகவோ முடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"எத்தனை முடிச்சே?" என்று கேட்டேன்.

"ஐயாயிரத்து எண்ணூறு" என்றாள். என் குரல். கணக்கு தொடங்கியபோது பதிவான, ஒன்பது வருடத்துக்கு முந்தைய, லேத் சத்தத்தில் கத்தாத குரல். இவ்வளவு நன்றாகவா இருந்தது?

"நான் உன்னைச் செய்யச் சொல்லலையே."

"சொல்லலை. வேண்டாம்னும் சொல்லலை" என்றாள். குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. பொரித் தட்டை என் பக்கம் தள்ளினாள். "கடலையை நீங்க எடுத்துக்கோங்க. உங்களுக்குப் பிடிக்கும்."

எனக்கு அவமானமாக இருந்தது. சாதாரண அவமானம் இல்லை, மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத அவமானம். இரண்டரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒரு பழைய கேமில் தான் தொடர்ந்து நாற்பது தடவை கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

வெளியே வந்தபோது மணி இரண்டே முக்கால். இருபத்து மூன்றாம் நாளை அழிப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் முந்தைய நாளே தயார் செய்து வைத்திருந்தேன். கீபோர்டில் ஒரே ஒரு பட்டனை அமுக்க வேண்டும். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். நாற்பத்தொரு வயது, ஒன்பது வருடம், பஸ் ஸ்டாண்டில் பென்டிரைவ் எல்லாம் வரிசையாக வந்து போயின.

கீழேயிருந்து கற்பூர வாசனை வந்தது. எழுந்து போனேன். அண்ணனின் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் பட்டனின் மேலேயே ஒரு பெரிய பொட்டாக வைத்தேன். நடுவில் குங்குமம்.

"அட, அம்மிணிக்கு பக்தி வந்துபோச்சு!" என்றார் பின்னால் வந்த அண்ணன். சிங்கராஜ் சுண்டல் பாத்திரத்தைத் திறந்தான். சுண்டலில் பெரிய பங்கு எனக்கு வந்தது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குரியன் கூப்பிட்டார். சுபத்ராவும் அதே லைனில் இருந்தாள்.

"மேடம், இன்னும் எடுக்கலையே?"

"இன்னிக்கு ஆயுத பூஜைங்க. மெஷினைத் தொடக்கூடாது."

"விளையாடறீங்களா? அஞ்சு நிமிஷத்துல உங்க கேமே இருக்காது!"

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பட்டறை ஓனர் கையொடிச்சுப்போடுவாரு."

சொன்னபடி ஆறு மணிக்குத் தூக்கிவிட்டார்கள். இரண்டு கடையிலும் டெப்போ என்று தேடினால் வெள்ளைப் பக்கம் வந்தது. ஏற்கெனவே விற்றதைப் பிடுங்கக்கூடாது என்று சட்டம் இருப்பதால் உள்ளே இருந்தவர்கள் மட்டும் உள்ளேயே இருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன், பிறகு மீந்த சுண்டலைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு அண்ணன் மறுபூஜை செய்து, முதல் லேத்தை ஓட்டினார். பன்னிரண்டு மணிக்கு, நான் உள்ளே போய் இருபத்து நாலு மணி நேரம் ஆனதும், மாடிக்கு வந்து, பட்டனில் காய்ந்திருந்த சந்தனத்தை அப்படியே விட்டுவிட்டு, டெப்போவுக்குள் போனேன். எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். நான் ஆணியிலிருந்து என் சாவியை எடுத்தேன். நாற்பது தலைகள் திரும்பின.

என் பதிலாள் எழுந்து வந்தாள். "நீங்களா ஓட்டப் போறீங்க?"

"ஆமா. நீ உட்காரு. உனக்கு லீவு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்படியில் ஏறினாள். "ஓட்ட மாட்டேன். சும்மா கூட வரேன்" என்றாள்.

வண்டியைக் கிளப்பும்போது கேட்டருகே புதிதாக ஒரு டிரைவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, இங்க சாவியெல்லாம் எங்கீங்க மாட்டி வெச்சிருக்குது? என்ற பதிலாளைத் தேடிட்டு வந்தேனுங்க, அது நின்ன நாள்லயே என்னையும் எறக்கி விட்டுருச்சுங்க" என்றார். குரலிலேயே தெரிந்தது, சேலத்துத் தனபாலன். கையால் விளையாடியவர்கள் என்ற இடத்தில் எண் பன்னிரண்டானது.

எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, கேட்டைத் தாண்டி, ஒன்பது வருடம் நானே வரைந்த ரோட்டில் முதல் வளைவிலேயே பஸ்ஸைப் புளியமரத்தில் கொண்டுபோய் விட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டிப் பார்க்க நேரம் ஏது?

பின்னால் அவள் சிரித்தாள். என் பழைய குரலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஐயாயிரத்து எண்ணூறு கேம்களில் அவள் ஒரு தடவையாவது சிரித்திருப்பாளா என்று தெரியவில்லை. விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினாள்.

"ரிவர்ஸ் எடுங்க, ரிவர்ஸ் எடுங்க" என்றாள். "மரத்துக்கு ஒண்ணும் ஆகலை."